"மூன்றே நாளில் மீன் விடலாம்" என்று விற்கும் அக்வாபோனிக்ஸ் கிட்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தொட்டியில் ஏற்கெனவே மீன் விட்டுவிட்டு, அவை மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இப்பதிவின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். மற்றவர்கள் வரிசையாகப் படிக்கலாம்.

மீன் தொட்டியின் கழிவுநீரில் செடி வளர்த்து, அந்த நீரையே சுத்தமாக்கித் தொட்டிக்குத் திருப்பும் முறைதான் அக்வாபோனிக்ஸ். தெரிந்த குடும்பம் ஒன்று "எல்லாம் அடங்கிய கிட்" என்ற பெயரில் வாங்கிய அமைப்பை, மீன்கள் செத்த பிறகு பாகம் பாகமாகப் பிரித்துச் சோதித்தோம். 1000 லிட்டர் மீன் தொட்டி, 1.2 மீட்டர் நீளமும் 0.8 மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள, கல் நிரப்பிச் செடி நடும் ஒரு வளர்ப்புப் படுக்கை, அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு, பம்ப், பெல் சைஃபன் (படுக்கை நிரம்பியதும் நீரைத் தானாக இழுத்துத் தொட்டிக்கு வடிக்கும் குழாய் அமைப்பு), வெள்ளைக் கல், பாக்டீரியா பொட்டலம், டெஸ்ட் ஸ்ட்ரிப் ஆகியவை முதலில் வந்தன. மூன்றாம் நாள் 100 திலாப்பியா குஞ்சுகள் வந்தன. இரண்டாவது வாரம் முடிவதற்குள் பெரும்பாலான குஞ்சுகள் போய்விட்டன. விற்றவர் முதலில் தண்ணீரைக் குறை சொன்னார். பிறகு இன்னொரு பொட்டலம் பாக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்கிப் போடச் சொன்னார். கடைசியில், உயிருள்ள எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று கைவிரித்துவிட்டார். தண்ணீரில் குறை இல்லை. குறை முழுக்கக் கிட்டிலும் அதன் கையேட்டிலும்தான்.

மீன் செத்ததற்கான காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மீன் தின்ற தீவனம் கழிவாகி, அமோனியாவாகத் தண்ணீரில் சேரும். தீவன எடை, அதிலுள்ள புரதத்தின் பங்கு, 0.092 ஆகிய மூன்றையும் பெருக்கினால் தண்ணீரில் சேரும் அமோனியா நைட்ரஜனின் எடை கிடைக்கும். மீன் பண்ணைகளில் வழக்கமாகப் போடும் கணக்கு இது. 5 கிராம் எடையுள்ள 100 குஞ்சுகளுக்கு உடல் எடையில் 5 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 25 கிராம் தீவனம். 32 சதவீதப் புரதமுள்ள தீவனத்துக்கு இது சுமார் 0.7 கிராம் அமோனியா, அதாவது 1000 லிட்டரில் தினமும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் ஏறும். அதைத் தின்னும் பாக்டீரியா இல்லாத தொட்டியில் ஒரு வாரத்தில் 5 மில்லிகிராம் ஆகிவிடும். கிட்டில் வந்த வெள்ளைக் கல்லோ பளிங்குச் சில்லு. அது பிஹெச்சை (நீரின் அமில-கார அளவை) 8.2-இலேயே பிடித்து வைத்திருந்தது. 28 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஹெச் 8.2 என்றால் பத்தில் ஒரு பங்கு நச்சு வடிவில் இருக்கும். அந்த 5 மில்லிகிராமில் 0.5 மில்லிகிராம் நேரே செவுளைத் தாக்கியது. இந்த நச்சு வடிவம் 0.05-ஐத் தாண்டுவதே மீனுக்கு நல்லதல்ல.

பொட்டலத்துக்கு வருவோம். இங்கேதான் ஏமாற்று வேலை அதிகம். அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரோஸ்பைரா போன்ற உயிர்கள் ஸ்போர் எனப்படும் உறங்கும் விதைகளை உண்டாக்குவதில்லை. காயவைத்துப் பொடியாக்கிப் பல மாதம் அலமாரியில் வைத்தால் அவை பிழைத்திருக்கும் என்று நம்ப இடமில்லை. பொடியாக விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இருப்பது பேசில்லஸ் வகை. அது கசடைச் சிதைக்கும். அமோனியாவைக் குறைக்காது, புரதக் கசடைச் சிதைக்கும்போது கூட்டவே செய்யும். அந்தக் கிட்டின் லேபிளில் பேசில்லஸ் மட்டும்தான் எழுதியிருந்தது. பெரிய எழுத்தில் "நைட்ரஜன் சுழற்சி தொடக்கி" என்ற பெயர். உங்கள் கையில் இப்படி ஏதாவது இருந்தால் இரண்டு வாளி எடுத்துக் குளோரின் நீங்கிய தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு, அமோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்து, ஒன்றில் மட்டும் பொடியைக் கலக்குங்கள். பத்து நாளில் பொடி போட்ட வாளியில் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறாவிட்டால் அந்தப் பொடியால் பயனில்லை.

இதையெல்லாம் வாங்கியவர் கண்டுபிடித்துவிடாதபடி கிட்டின் டெஸ்ட் ஸ்ட்ரிப் இருந்தது. பிஹெச், கடினத்தன்மை, நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் காட்டும். அமோனியாவுக்குக் கட்டமே இல்லை. முதல் வாரத்தில் மீனைக் கொல்வதே அமோனியாதான். துளி விட்டு நிறம் பார்க்கும் திரவ டெஸ்ட் கிட்டை, அமோனியாவும் நைட்ரைட்டும் அளப்பதாகப் பார்த்துத் தனியாக வாங்குங்கள். நைட்ரேட் சோதனையில் இரண்டாவது குப்பியை அரை நிமிடம் நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

பம்பின் மேல் "மணிக்கு 1000 லிட்டர்" என்று ஒட்டியிருந்தது. தண்ணீரை மேலே ஏற்றாமல் இருந்தால் தரும் அளவு அது. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அதிகபட்ச உயரம் 1.5 மீட்டர் என்று இருந்தது. படுக்கைக்குத் தண்ணீர் ஏற வேண்டிய உயரம் 1.2 மீட்டர். அங்கே 10 லிட்டர் வாளி நிறைய இரண்டரை நிமிடம் ஆனது, அதாவது மணிக்கு 240 லிட்டர். தொட்டி நீர் முழுவதும் மணிக்கு ஒரு முறையாவது சுழல வேண்டும் என்ற குறைந்தபட்சத் தேவையில் கால் பங்குகூட இல்லை. பம்ப் வாங்கும்போது உங்கள் உயரத்தைச் சொல்லி, அந்த உயரத்தில் எத்தனை லிட்டர் வரும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பம்ப் பலவீனமானால் சைஃபனும் வேலை செய்யாது. படுக்கைக்குள் செங்குத்தாக நிற்கும் 25 மில்லிமீட்டர் வடிகுழாயான ஸ்டாண்ட் பைப்பின் விளிம்பு வழியாகத் தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டே இருக்கும், சைஃபன் இழுக்கத் தொடங்காது. படுக்கை எப்போதும் நிரம்பியே நிற்கும், அடியில் காற்று போகாது. வலுவான பம்ப் வைத்த பிறகும் இழுக்கவில்லை என்றால், ஸ்டாண்ட் பைப்பின் தலையில் 40-இலிருந்து 25-க்குக் குறுகும் ரெட்யூசரைப் புனல்போலப் பொருத்துங்கள். வெளியேறும் குழாயின் அடியில் ஒரு எல்போ போடுங்கள். ஸ்டாண்ட் பைப்பின்மேல் கவிழ்க்கும் மூடிக்குழாய் அதைப்போல இரண்டு மடங்காவது அகலமாக இருக்கட்டும். கிட்டில் வந்தது மிகவும் இறுக்கம். இதற்கு நேர்மாறாக, இழுக்கத் தொடங்கிய சைஃபன் நிற்காமல் ஓடினால் பம்பிலிருந்து வரும் நீர் அதிகம் என்று பொருள், வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். ஸ்டாண்ட் பைப்பின் உச்சி கல்லின் மேல்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் கல் நனைந்து பாசி பிடிக்கும்.

ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது ஆளையே காயப்படுத்தக்கூடியது. அந்தப் படுக்கையின் கொள்ளளவு 288 லிட்டர். ஜல்லி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1600 கிலோ. கல் மட்டும் 460 கிலோ, இடுக்குகளில் நிற்கும் தண்ணீர் 115 கிலோ. கிட்டத்தட்ட 575 கிலோவை மெல்லிய பெட்டிக் குழாயில் நான்கு போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் ஏறிய முதல் நாளே ஒரு கால் வெளிப்பக்கம் சாய்ந்தது. ஹாலோ பிளாக் அடுக்கி, ரசமட்டம் பார்த்து அதன்மேல் வையுங்கள்.

கல்லைச் சோதிப்பது எளிது. வினிகரில் போடுங்கள், நுரைத்துக் குமிழி விட்டால் சுண்ணாம்பு உண்டு, திருப்பிக் கொடுங்கள். பளிங்கு, சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் எதுவும் படுக்கைக்கு ஆகாது. பிஹெச் 8-இல் இரும்புச் சத்து கரையாமல் போய் இளம் இலைகள் வெளுக்கும். எவ்வளவு தீவனம் போட்டாலும் தேறாது. 12 முதல் 20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி போதும், தூசு போகும்வரை கழுவ வேண்டும். பித்தளை வால்வும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கிளாம்பும் வந்திருந்தால் எடுத்துவிட்டு பிவிசி போடுங்கள். செம்பும் துத்தநாகமும் மீனுக்கு விஷம்.

100 குஞ்சு என்ற எண்ணிக்கையும் ஏமாற்றுத்தான். கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது சிறு அமைப்புகளுக்கு வழங்கிவரும் அளவு. இந்தப் படுக்கை ஒரு சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. வளர்ந்த மீன் உடல் எடையில் சுமார் 1.5 சதவீதம் தின்னும். அப்படியென்றால் 3 கிலோ மீன்தான் இதற்குத் தாங்கும். 300 கிராம் எடையில் 10 மீன்கள். 100 மீனும் பிழைத்து அந்த எடைக்கு வந்திருந்தால் நாளுக்கு 450 கிராம் தீவனம் போட வேண்டும். அந்தக் கழிவைக் கையாள இதே அளவில் பத்துப் படுக்கைகள் வேண்டும். அதிகக் குஞ்சு கொடுப்பவர் தாராள மனதுக்காரர் என்று நினைக்காதீர்கள்.

சரியான வழி இதுதான். மீன் இல்லாமலேயே பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். தொட்டியை நிரப்பி, குளோரின் போக ஏர் பம்ப் போட்டு ஒன்றிரண்டு நாள் விடுங்கள். குழாய்நீரில் குளோரமின் கலந்திருந்தால் காற்றால் போகாது, சோடியம் தயோசல்ஃபேட் சேர்க்க வேண்டும். பிறகு தூய அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 1000 லிட்டருக்கு 6 கிராம் கரைத்தால் அமோனியா லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் வரும். ஈயம் பூசுவதற்கு விற்கும் கட்டி வேண்டாம், தூய்மை குறிப்பிட்டதையே வாங்குங்கள். பம்பை நிறுத்தாமல் ஓட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதியுங்கள். அமோனியா 0.5-க்குக் கீழே இறங்கினால் மட்டும் மீண்டும் சேருங்கள், 5-ஐத் தாண்டவே விடாதீர்கள். முதலில் நைட்ரைட் ஏறும், அது பல நாள் உச்சத்திலேயே நிற்கும். பலர் பொறுமை இழப்பது இங்கேதான், இந்தக் கட்டத்தில் விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு வேறு பொடி எதுவும் கொட்ட வேண்டாம். பிறகு அது சரிந்து நைட்ரேட் தெரியும். 25 முதல் 30 டிகிரியில் மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம். குளிர்ந்தால் இன்னும் நீளும். நோயில்லாத பழைய அமைப்பிலிருந்து ஒரு வாளி ஈரக் கல் கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும்.

இடையில் எல்லாம் நின்றுபோனதுபோல் தெரிந்தால் பிஹெச்சைப் பாருங்கள். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் மாறும்போது சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) செலவாகும். அது தீர்ந்தால் பிஹெச் 6-க்குக் கீழே சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்தும். 1000 லிட்டருக்கு 100 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் சேர்த்தால் காரத்தன்மை 50 மில்லிகிராம் கூடும், செடிக்குப் பொட்டாசியமும் கிடைக்கும்.

2 மில்லிகிராம் அமோனியா போட்டு 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் மீன் விடலாம். அதற்கு முன் யார் என்ன சொன்னாலும் விட வேண்டாம்.

ஏற்கெனவே மீன் இருந்தால்: தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். சில நாள் பட்டினி கிடந்தால் மீன் சாகாது. காற்றைக் கூட்டுங்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீரைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள், தேவைப்பட்டால் மறுநாளும். ஆனால் மாற்றும் நீரின் பிஹெச்சை முதலில் அளந்துகொள்ளுங்கள்: தொட்டி 6.5-இல் இருந்து புது நீர் 8-ஆக இருந்தால், தீங்கில்லாமல் கிடந்த அமோனியா நச்சு வடிவுக்கு மாறி மீன்கள் சட்டென்று சாகும். அப்படியானால் சிறிது சிறிதாக மாற்றுங்கள். நைட்ரைட் ஏறி, செவுள் பழுப்பாகத் தெரிந்தால் அயோடின் சேர்க்காத உப்பு 1000 லிட்டருக்கு ஒரு கிலோ, வாளியில் கரைத்து அரை நாளில் பகுதி பகுதியாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். படுக்கைக் கல்லைக் கிளறவோ கழுவவோ வேண்டாம். பாக்டீரியா ஒட்டத் தொடங்கியிருப்பது அதில்தான். தினமும் அளக்கும் அமோனியா, நைட்ரைட், பிஹெச் எண்களைத் தேதியோடு எழுதி, பொட்டல லேபிளையும் கையேட்டில் "மூன்றாம் நாள்" என்றிருக்கும் பக்கத்தையும் பம்ப் பெட்டியின் ஓரத்தையும் படம் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது "தண்ணீர் சரியில்லை" என்ற பதிலுக்கு எதிராக அவைதான் கையில் இருக்கும்.