டொக்டர் கிறீனின் ‘இரண வைத்தியம்’: மட்டக்களப்பில் கட்டிக் கிடைக்கும் மறுபிரதி

மட்டக்களப்பு நகரில் போட்டோப்பிரதியும் பைண்டிங்கும் செய்கிற ஒரு கடையில், பழைய நூலொன்றின் ஸ்கான் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அச்சடித்து, தைத்து, மட்டை போட்டுத் தருகிறார்கள். அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் தமிழில் வெளியிட்ட ‘இரண வைத்தியம்’ என்ற அறுவைச் சிகிச்சை நூல் அங்கே அப்படிக் கட்டப்பட்டது. கட்டு அருமை, அச்சைத்தான் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

முதல் வில்லங்கம் புள்ளி. கறுப்பு வெள்ளை மட்டும் பதியும் முறையில் மெஷினை வைத்தால், பழைய ஈய எழுத்தின் மெல்லிய புள்ளிகள் மங்கல் என்று கழிந்துபோகும். ‘இரத்தம்’ ‘இரததம’ ஆகிவிடுகிறது. பழக்கமான சொல்லென்றால் ஊகித்துக்கொள்ளலாம். கிறீனின் கலைச்சொற்கள் பலவும் இன்று வழக்கில் இல்லாதவை. அங்கே ஊகம் எடுபடாது. ஆகவே சாம்பல் நிறத் தரத்தில், 400 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 400 புள்ளி நுணுக்கம்) குறையாத கோப்பைக் கொடுங்கள். அச்சு மெஷினில் ‘டெக்ஸ்ட்’ தெரிவை விட்டு ‘போட்டோ’ தெரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பின்பக்க மை ஊறித் தெரிந்தால் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டலாம், ஆனால் புள்ளி மறையும் முன் நிறுத்திவிட வேண்டும். நாலு பக்கம் மாதிரி எடுத்துப் பார்க்காமல் முழு வேலைக்கும் சம்மதிக்காதீர்கள்.

தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம் எடை) போதும். 70 என்றால் மறுபக்கம் தெரிகிறது. ஏ4 தாளை அப்படியே மடித்தால் தாளின் நார் முதுகுக்குக் குறுக்கே ஓடும், ஏடு விறைத்து நிற்கும். மாரியில் ஈரம் ஏறினால் பக்கங்கள் அலையலையாக வளையும். இந்தக் கடைக்காரர் நீளநார் ஏ3 தாளை நடுவில் வெட்டி, அதை மடிக்கிறார். நார் முதுகோடு ஒத்துப்போகிறது, புத்தகம் மேசையில் தட்டையாக விரிகிறது. நாலு தாளுக்கு ஒரு கட்டு, 16 பக்கம். மெழுகிட்ட நூலால் தையல். மாப்பசையில் மயில்துத்தம் சேர்ப்பதால் பூச்சி அண்டுவது குறைவு. சூட்டுப்பசை மட்டும் வைத்து ஒட்டும் மலிவுக் கட்டு வேண்டவே வேண்டாம்: வெயிலில் இளகி, பிறகு வெடித்து, தாள் தாளாகக் கழன்றுவிடும். தாள் விலை அடிக்கடி மாறுவதால் பக்கக் கணக்கில் முன்கூட்டியே விலை பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு குறை. பார்த்த பிரதியில் ஒரு 16 பக்கக் கட்டு தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. திரும்பக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் பிரித்துத் தைத்துத் தந்தார்கள். வாங்கும்போதே பக்க எண்ணை ஓட்டிப் பாருங்கள்.

இத்தனை பாடுபட்டுக் கட்டுவதற்கு இந்த நூல் தகுமா? தகும். அமெரிக்காவின் வூஸ்டரில் 1822இல் பிறந்த கிறீன் 1847இல் இலங்கை வந்தார். அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச சம்பளத்துக்கும் பட்டணத்துக்கும் போய்விடுவதைக் கண்டு, 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். கிராமத்து நோயாளிக்கு அவனுடைய ஊரிலேயே, அவனுடைய மொழியிலேயே ஒரு வைத்தியர் இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. 1873இல் நாடு திரும்பிய பிறகும், 1884இல் கண்மூடும்வரை, தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை.

சொல்லாக்கத்தில் அவருக்கு ஒரு வரிசை இருந்தது. தமிழில் சொல் இருந்தால் அதுவே, இல்லையேல் வடமொழி, அதுவும் உதவாவிட்டால் ஆங்கில ஒலியையே தமிழாக்குவது. உடற்றொழிலியலுக்குச் ‘சுகரணம்’, இரசாயனவியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று வந்ததெல்லாம் அப்படித்தான். கிழக்குப் பல்கலைக்கழகச் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் படிப்போர் பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளிகளோடு தமிழில் பேச வேண்டியவர்கள். அவர்கள் மேசையில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

சிகிச்சைக்கு மட்டும் இதைப் பின்பற்றக் கூடாது. காயத்தில் கிருமியைத் தடுக்கும் முறையை ஆங்கிலேய அறுவை வைத்தியர் ஜோசப் லிஸ்டர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியதே அதே 1867இல்தான். புண் கழுவுவது, கட்டுவது பற்றி இந்நூல் சொல்வதெல்லாம் அதற்கு முந்திய அறிவு. கடைக்காரரிடம் சொன்னால் முதல் ஏட்டுக்கு முன்னால் வெற்றுத்தாள் இரண்டு சேர்த்துத் தைப்பார். இன்றைய கலைச்சொற்களை அதில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.