ரூ.18,400 போச்சு: தாய்லாந்து, வியட்நாம், மலேசியா கிளம்புகிறவர்கள் ஃபார்ம் நிரப்பும் முன் படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாங்காக், அங்கிருந்து ஹோ சி மின் நகரம், திரும்பும் வழியில் கோலாலம்பூர். இரண்டு பேர். மூன்று நாட்டுக்கான பேப்பரையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு விசா சேவை வலைத்தளம் ரூ.18,400 கறந்துவிட்டது. எங்கே ஏமாற்றுகிறார்கள், நேரடியாக எப்படிப் போடுவது, பணத்தை எப்படித் திரும்பக் கேட்பது, முடிந்தவரை சொல்கிறேன்.

முதலில் பில். தாய்லாந்து டிஜிட்டல் அரைவல் கார்டு (இறங்கும் முன் ஆன்லைனில் நிரப்பும் நுழைவுப் படிவம்) ஆளுக்கு ரூ.1,900. மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு ஆளுக்கு ரூ.1,500. வியட்நாம் இ-விசா ஆளுக்கு ரூ.5,800.

இப்போது உண்மை விலை. தாய்லாந்து கார்டு இலவசம். 2025 மே 1 முதல் பழைய பேப்பர் கார்டுக்குப் பதிலாக வந்தது. அரசுத் தளத்தில் ஒரு பைசா வாங்குவதில்லை. மலேசியா கார்டும் இலவசம். ஆக, சும்மா கிடைப்பதற்கு மட்டும் ரூ.6,800 போயிருக்கிறது. வியட்நாம் விசாவுக்கு அரசு வாங்குவது ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். இரண்டுமே அதிகபட்சம் 90 நாள் வரை. 25 டாலர் விசாவுக்கு ரூ.5,800!

நம்ப வைக்கிற விதம் இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். கூகுளில் தேடினால் முதலில் நிற்பது விளம்பரம், அரசுத் தளம் அதற்குக் கீழே. பக்கத்தைத் திறந்தால் மஞ்சள் நட்சத்திரம் போட்ட வியட்நாமின் சிவப்புக் கொடி, முத்திரை மாதிரி ஒரு படம், முகவரியின் நடுவே ‘ஜிஓவி’ என்ற எழுத்துகள். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், "நாங்கள் அரசு அமைப்பு அல்ல" என்று ஒரு வரி. போனில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. பிறகு வாட்ஸ்அப்பில் ஒருத்தர், நல்ல தமிழில்: "அண்ணா, பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தையும் அனுப்பிடுங்க. அப்பா பேர் அதுலதான இருக்கு. ரிஜெக்ட் ஆகாம நாங்க பாத்துக்கறோம்." இவ்வளவு அக்கறையாகப் பேசினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அந்தக் கடைசிப் பக்கம்தான் வினையே. நம் ஊர் பாஸ்போர்ட் பலவற்றில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், கிவன் நேம் மட்டும்தான். வியட்நாம் அரசுத் தளம் ஏற்றச் சொல்வது போட்டோ இருக்கும் பக்கமும் கண்ணாடி போடாத முகப் படமும்தான். இவர்கள் கடைசிப் பக்கத்தில் இருந்த அப்பா பெயரை எடுத்து சர்நேமில் போட்டுவிட்டார்கள். வந்த விசாவில் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயர். பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி இயந்திர எழுத்தோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால், செக்-இன் கவுன்ட்டரிலேயே ஏர்லைன்ஸ் நிறுத்திவிடலாம். பிறந்த தேதியும் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடந்தது. 25 டாலர் கட்டி முதலிலிருந்து புதிதாகப் போட வேண்டியதாயிற்று. குறைந்தது மூன்று வேலை நாள், சனி ஞாயிறு கணக்கில் வராது.

தாய்லாந்து கார்டு இன்னும் மோசம். அதை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் போட முடியும். இவர்கள் ஒரு மாதம் முன்பே பணத்தை வாங்கிக்கொண்டு "விண்ணப்பம் பெறப்பட்டது" என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அசல் கார்டில் இருக்கும் க்யூஆர் கோடே அதில் இல்லை.

கேட்டால்? முதல் நாள் "டீம்ல சொல்லியிருக்கோம் அண்ணா". மறுநாள் "டிக்கெட் ஓப்பன்ல இருக்கு". அதற்கடுத்து "சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ்ல இருக்கு பாருங்க". தவறு உங்களுடையதுதானே என்று நான் சொன்னதும், திருத்த "அர்ஜென்ட் ஃபீஸ்" ஆளுக்கு ரூ.4,000 கேட்டார்கள்! ரூ.18,400 வாங்கியவன் வாயில் வருகிற பேச்சா இது? பிறகு நீல டிக்கும் இல்லை, பதிலும் இல்லை. வங்கியில் சொன்னால் "ஓடிபி நீங்கதானே போட்டீங்க" என்று கேட்கிறார்கள். ஸ்டேட்மென்ட்டில் இருப்பது வேறு நாட்டில் பதிவான வேறு ஏதோ கம்பெனியின் பெயர்.

விரிவாக எழுத இப்போது தெம்பில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

முகவரியின் முடிவைப் பாருங்கள், நடுவை அல்ல. வியட்நாம் ‘ஜிஓவி டாட் விஎன்’ என்றும், தாய்லாந்து ‘ஜிஓ டாட் டிஹெச்’ என்றும், மலேசியா ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்றும் முடிய வேண்டும். சிங்கப்பூர் அரைவல் கார்டும் இலவசம்தான், அதற்கும் போலிகள் உண்டு.

வியட்நாம் தளத்தில் பணம் கட்டும் கட்டத்தில் வங்கி கார்டு ஏற்காமல் நின்றுவிடலாம். வங்கி ஆப்பில் இன்டர்நேஷனல் டிரான்சாக்ஷனை ஆன் செய்துவிட்டுப் போங்கள். பலர் ஏஜென்ட்டிடம் ஓடுவதே இந்த இடத்தில்தான். நுழையும் தேதியைப் பார்த்துப் போடுங்கள், அதற்கு முன்னால் இறங்க முடியாது.

மாட்டிக்கொண்டால் வங்கியில் வாயால் சொல்லாமல் எழுத்தில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் முறை) கேளுங்கள், வாட்ஸ்அப் உரையாடல், தப்பான விசா எல்லாவற்றையும் இணைத்து. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் புகார் கொடுங்கள். பணம் கட்டிய வங்கி கார்டை உடனே பிளாக் பண்ணுங்கள், நம்பர் அவர்களிடம் இருக்கிறது.