கிருஷ்ணகிரியில் அந்தமான் டூருக்குப் பணம் கட்டப் போறீங்களா? கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வவுச்சர்ங்கிற ஏஜென்ட் கொடுக்கிற பேப்பர் வேற, டிக்கெட் வேற. இது தெரியாம எங்க வீட்டு ஆளுங்க ஒன்பது பேர், வயசானவங்களும் குழந்தைங்களுமா, அந்தமான்ல நடுத்தெருவுல நின்னோம். நாங்க காவேரிப்பட்டணம் பக்கம். போன பொங்கல் லீவுல நடந்தது இது. ஊருக்குள்ள முகத்தைப் பார்க்கணுமேன்னு இத்தனை நாள் எழுதாம இருந்தேன். போன வாரம் எங்களை ஏமாத்தின டூர் ஏஜென்ட் புதுசா ஒரு ஃபிளெக்ஸ் வச்சிருக்கார். அதைப் பார்த்த பிறகு மனசு கேட்கலை.

எங்க மாமனார் ஆரம்பப் பள்ளி வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். சுதந்திரப் போராட்டக்காரங்களை அடைச்சு வச்ச அந்தமான் செல்லுலார் ஜெயிலைப் பத்திப் பிள்ளைங்களுக்கு அத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தவர், ஒரு தடவையாவது கண்ணால பார்த்துடணும்னு சொல்லிட்டே இருப்பார். மாந்தோப்புக் குத்தகைப் பணம் ஜூலையில கைக்கு வந்ததும் போயிடலாம்னு முடிவு பண்ணினோம். நாத்தனார் குடும்பமும் சேர்ந்துக்கிச்சு.

டூர் ஆபீஸ் ரவுண்டானா பக்கம். அந்த ஆள் எங்க சொந்தத்துக்குத் தெரிஞ்சவர், கல்யாணப் பந்தியில எங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவர். ஆளுக்கு ₹26,000, மொத்தம் ₹2,34,000. பெங்களூருல இருந்து ஃபிளைட், ஹோட்டல், கப்பல், வண்டி, காலை ராத்திரி சாப்பாடு எல்லாம் இதுலயே அடக்கம்னார். "சீசன்ம்மா, முழுசும் இப்பவே கட்டினாத்தான் இந்த ரேட் நிக்கும்." கட்டிட்டோம். பாதி ஜிபேயில, பாதி ரொக்கமா. ரொக்கத்துக்கு ரசீது கேட்க நான் வாயெடுத்தப்ப, "தெரிஞ்ச மனுஷன்கிட்ட அதெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாரு"ன்னு மாமியார் கையைப் பிடிச்சாங்க.

ஃபிளைட் டிக்கெட் நிஜம். ஆப்ல போட்டுப் பார்த்தோம், ஒன்பது பேர் பேரும் இருந்தது. அது சரியா இருந்ததாலதான் மிச்சத்தையும் நம்பினோம். மிச்சமெல்லாம் வாட்ஸ்அப்ல வந்த ஒரு பிடிஎஃப். கலர் கலரா கடற்கரைப் படம், மேல 'கன்ஃபர்ம்டு வவுச்சர்'னு எழுத்து. அதுல ஒரு நாள் ஹேவ்லாக், அடுத்த நாள் சுவராஜ் தீவுன்னு ரெண்டு தீவு மாதிரி போட்டு, தனித்தனியா கணக்கு எழுதியிருந்தது. ரெண்டும் ஒண்ணுதான். 2018 டிசம்பர்ல ஹேவ்லாக்குக்கு வச்ச புதுப்பேருதான் சுவராஜ் தீவு. அதே மாதிரி நீல் தீவு இப்போ ஷஹீத் தீவு. போர்ட் பிளேருக்கே 2024ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாறிடுச்சு. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் இது எங்களுக்குத் தெரியாது.

ராத்திரியோட ராத்திரியா தேவனஹள்ளி போய், காலையில ஃபிளைட் பிடிச்சு இறங்கினோம். பேர் அட்டையோட டிரைவர் நிப்பார்னு சொல்லியிருந்தார். ஒருத்தரும் இல்லை. போன் போட்டா "வண்டி வந்துட்டே இருக்கு"ன்னார். ஒன்றரை மணி நேரம் கழிச்சு அந்தப் போனையும் எடுக்கலை. நாங்களே ஹோட்டலுக்குப் போனா, ரிசப்ஷன்ல இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டுச் சொன்னான்: "உங்க ஏஜென்ட் ரேட் கேட்டு மெயில் போட்டாரு. பணம் வரலை. ரூமை அப்பவே வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்." மாமியார் சுவர் ஓரமா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க.

எங்களை ஏத்திட்டு வந்த மூணு ஆட்டோவுல ஒருத்தர் இன்னும் போகாம நின்னுட்டு இருந்தார். "எந்த ஊருங்க?" கிருஷ்ணகிரின்னோம். அவருக்கு அப்பா வழியில பரமக்குடி, பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்தமான்லயே. அந்தமான்ல தமிழ்க் குடும்பங்கள் நிறைய, முருகன் கோயிலே இருக்கு. "பெரியவங்க முதல்ல படுக்கட்டும், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்"னு சொல்லி, கோயில் பக்கம் ஒரு சின்ன லாட்ஜுல மூணு ரூம் பேசி வாங்கிக் கொடுத்தார். லாட்ஜுல கமிஷன் வாங்கினாரான்னு எங்க வீட்டுக்காரர் தனியா விசாரிச்சார். வாங்கலை.

அன்னைக்கு மத்தியானமே மாமனாரை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். 1896ல ஆரம்பிச்சு 1906ல கட்டி முடிச்சது. நடுவுல கோபுரம், அதுல இருந்து சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி ஏழு கட்டடம், இப்போ மிச்சம் மூணு. ஒரு வரிசை அறையோட வாசல் அடுத்த வரிசையோட முதுகைப் பார்த்தபடி இருக்கும், கைதிங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே முடியாது. மாமனார் இதைப் பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டே வந்தவர், ஒரு அறைக்குள்ள போனதும் பேச்சை நிறுத்திட்டார். ரொம்ப நேரம் வெளியே வரலை. அந்த ஆட்டோக்கார அண்ணன் இல்லாட்டி அவர் இதைப் பார்க்காமலே ஊர் திரும்பியிருப்பார். இதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை.

ரெண்டாம் நாள்தான் பெரிய அடி. காலையில ஹேவ்லாக் போற தனியார் கப்பலுக்குப் படகுத்துறையில வரிசையில நின்னோம். எங்க பேப்பர்ல இருந்த நம்பரை அடிச்சுப் பார்த்த பொண்ணு, "இந்த நம்பர்ல வேற ரெண்டு பேர் பேர்தான் இருக்கு"ன்னாங்க. யாரோட டிக்கெட்லயோ எங்க பேரை ஒட்டி அனுப்பியிருக்கார்! கண்ணு முன்னால கப்பல் கிளம்பிப் போச்சு. சின்னவன் கையை ஆட்டிட்டே அழுதான்.

ஆட்டோ அண்ணனுக்குப் போன் போட்டோம். ஓடி வந்தார். அரசுக் கப்பல் கவுன்ட்டர்ல எங்ககூடவே வரிசையில நின்னார். சீசன், ஒன்பது சீட் சேர்ந்தாப்புல ஹேவ்லாக்குக்குக் கிடைக்கவே இல்லை. மறுநாள் நீல் தீவுக்குக் கிடைச்சது. ஹேவ்லாக்கும் அங்க இருக்கிற ராதாநகர் கடற்கரையும் எங்களுக்கு இல்லாமலே போச்சு. அந்தக் காலி நாள்ல சிடியாடாப்புங்கிற கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பொழுது சாயுறதைக் காட்டினார். ஜனவரியில அங்க ஐந்தரைக்கெல்லாம் இருட்டிடும். ஏஜென்ட் பேப்பர்ல "மாலை 6.30 சூரிய அஸ்தமனம்"னு போட்டிருந்ததை வச்சே அந்த ஏஜென்ட் அந்த ஊரை மிதிச்சதில்லைன்னு தெரிஞ்சது.

அதே பேப்பர்ல 'ஆதிவாசி மக்கள் பார்வை'ன்னும் ஒரு வரி. அதைக் காட்டினதும் அண்ணன் முகம் மாறிடுச்சு. "அக்கா, இது குத்தம். அவங்க என்ன மிருகக்காட்சி சாலையிலயா இருக்காங்க?" பாராடாங் தீவுக்குப் போற ரோடு ஜாரவாங்கிற பழங்குடி மக்களோட காட்டு வழியா போகுது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில இருந்து வண்டிங்களைக் கூட்டமா, போலீஸ் காவலோடதான் விடுவாங்க. நடுவுல நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. அந்த மக்களைப் பாதுகாக்க 1956லயே சட்டம் போட்டாச்சு. இதைக் காட்டுறேன்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துடுங்க.

நீல் தீவுல எங்க கிராமத்துக்கே வந்த மாதிரி இருந்தது. காய்கறித் தோட்டம், பாக்கு மரம். பிரிவினைக்கு அப்புறம் கிழக்கு வங்காளத்துல இருந்து வந்து குடியேறினவங்கதான் அங்க நிறைய. சின்ன மெஸ் வச்சிருந்த ஒரு வங்காள அக்கா, மாமியார் மீன் சாப்பிட மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் தோட்டத்துல கத்தரிக்காய் பறிச்சுத் தனியா சமைச்சுக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது. மாமியார் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, தமிழ்லயே தன் கஷ்டத்தை எல்லாம் சொன்னாங்க. அந்த அக்கா முழுசும் கேட்டாங்க.

அந்தமான்ல நாங்க மறுபடி கையில இருந்து போட்டது ₹80,000க்கு மேல. ஊருக்கு வந்து ஆபீஸ்ல போய் உட்கார்ந்த பிறகு ஏஜென்ட் ₹40,000 திருப்பிக் கொடுத்தார். மிச்சத்துக்கு "அங்க இருக்கிற பார்ட்டி ஏமாத்திட்டாங்க"ன்னு கதை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ₹5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். மனு தயாராகுது. ஜிபேயில போன பாதிக்கு ஆதாரம் இருக்கு. ரொக்கமா கொடுத்த பாதிக்கு எங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

அவர் இப்போ வச்சிருக்கிற ஃபிளெக்ஸ், கோடை விடுமுறைக்கு லட்சத்தீவு டூர். லட்சத்தீவுக்குள்ள நுழையவே அரசாங்க அனுமதிச் சீட்டு வேணும், அதுல ஒவ்வொருத்தர் பேரும் இருக்கும். அட்வான்ஸ் கட்டினவங்க நாளைக்கே போய் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க. ஹோட்டல் நம்பரை நீங்களே தேடி எடுத்து, உங்க பேர்ல ரூம் இருக்கா, பணம் வந்துச்சான்னு கேளுங்க. வவுச்சரைக் காட்டினா வாங்காதீங்க.