ஆஃப்செட்டோடு வரும் தேதி: பைத்தானில் எதை நம்பலாம்?

"2024-03-15 10:00:00+05:30" என்ற ஸ்ட்ரிங்கை (கடைசியில் உள்ள +05:30தான் ஆஃப்செட், அதாவது உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து உள்ள வித்தியாசம்) தேதியாக மாற்ற, பைத்தானில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் எடுப்போம்: ஸ்ட்ரிப்டைம், ஃப்ரம்ஐசோஃபார்மட், தனியாக நிறுவிக்கொள்ளும் டேட்யூட்டில். மூன்றுமே இதைச் சரியாகப் படித்துவிடும். ஸ்ட்ரிங் கொஞ்சம் மாறி வரும்போதுதான் அவற்றின் குணம் தெரியும்.

ஸ்ட்ரிப்டைமுக்கு வடிவத்தை நாமே சொல்ல வேண்டும். ஆஃப்செட்டுக்குச் சதவீதக் குறியும் சின்ன இசட்டும் (%z). பைத்தான் 3.7-க்கு முன்னால் +0530 என்று ஒட்டி எழுதினால்தான் ஏற்கும்; இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. யூடிசியைக் குறிக்க ஸ்ட்ரிங்கின் கடைசியில் இசட் வரும். அதைப் பார்த்து ஃபார்மட்டிலும் குறி இல்லாமல் வெறும் இசட் எழுதிவிடுகிறோம். பைத்தான் அதைச் சாதாரண எழுத்தாகத்தான் பார்க்கும். கையில் வருவது நேர மண்டலமே இல்லாத தேதி. அதை டைம்ஸ்டாம்ப் (நொடிகளின் எண்ணிக்கை) ஆக்கினால் உள்ளூர் நேரமாகக் கணக்கிடும். யூடிசியில் ஓடும் சர்வரில் விடை சரி, சென்னையில் இருக்கும் லேப்டாப்பில் ஐந்தரை மணி நேரம் பிசகும். எரர் எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்க ஒருமுறை எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது.

டேட்யூட்டில் வடிவம் கேட்காது, ஊகிக்கும். "03/04/2024" கொடுத்தால் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு அது ஏப்ரல் 3. "ஐஎஸ்டி" என்று முடிந்தால் இன்னும் சிக்கல். இந்திய நேரத்தில் இருக்கும் கணினியில் உள்ளூர்ப் பெயரோடு பொருந்துவதால் சரியாக வரும். யூடிசி சர்வரில் ஒரு எச்சரிக்கையோடு மண்டலத்தை விட்டுவிடும். மனிதர்கள் கையால் தட்டிய பழைய கோப்புகளைச் சுத்தம் செய்ய மட்டும் இதை எடுப்பேன்.

என் ஓட்டு ஃப்ரம்ஐசோஃபார்மட்டுக்கு. 3.10 வரை இசட்டைக் கண்டாலே எரர் தந்தது. அதை +00:00 ஆக மாற்றிக் கொடுப்போம். 2022-இல் வந்த 3.11 அதைச் சரிசெய்துவிட்டது. புரியாததை ஊகிக்காமல் உடனே நின்றுவிடுவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஐசோ (தேதி எழுதும் சர்வதேசத் தரம்) அல்லாத நிலையான வடிவம் என்றால் ஸ்ட்ரிப்டைம், சின்ன இசட்டோடு.

எதில் படித்தாலும் சரி, +05:30 அந்த ஒரு கணத்தின் வித்தியாசத்தை மட்டுமே சொல்லும், ஊரைச் சொல்லாது. கொழும்பு 2006 ஏப்ரல் வரை +06:00-இல் இருந்தது. வருங்கால அப்பாயின்ட்மென்ட்டைச் சேமிக்கிறீர்கள் என்றால், ஆஃப்செட்டோடு 'ஏசியா/கொழும்பு' போன்ற மண்டலப் பெயரையும் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.