வீட்டிலேயே காற்றடைத்து, ஈயக்குண்டு பிரித்து: ஏர் ரைபிளோடு நான்கு ஆண்டுகள்

வெளிநாட்டில் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, புது வெடிமருந்தும் முனையும் வைத்து, வீட்டு மேசையிலேயே மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். கைப்பிடியை இழுக்கக்கூட வேண்டாம், மோட்டாரே செய்யும் என்கிற இயந்திரங்களும் வந்துவிட்டன. நம் ஊரில் அதற்கு வழியில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்தால் குற்றம். அதில் நான் கை வைக்கவும் இல்லை, யாரும் வைக்கவும் வேண்டாம்.

ஆனால் நான் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றல் என்பதால் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்தால் போதும். இதில் மருந்து கிடையாது, கூடு கிடையாது. அழுத்தக் காற்றும் அரை கிராம் ஈயமும்தான். அந்தக் காற்றையும் ஈயத்தையும் வீட்டிலேயே ஒழுங்குபடுத்த 2021இல் இரண்டு கருவிகளைக் கொண்டுவந்தேன். ஒன்று, தானாக நிற்கும் மின்சாரக் கம்ப்ரஸர். இன்னொன்று, அண்ணன் மகன் செய்துகொடுத்த, ஈயக்குண்டுகளை எடை பார்த்துப் பிரிக்கும் இயந்திரம். நான்கு வருடம் ஓட்டிய பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடம். எங்கள் வீடு மதுரையில் சிம்மக்கல் பக்கத்துப் பழைய வீடு. ரயில்பெட்டி வீடு என்போமே, அந்த மாதிரி. வாசல், திண்ணை, கூடம், அடுக்களை, கொல்லை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அகலம் இல்லை என்று அப்பா காலம் முழுக்கக் குறைபட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே வரமாகிவிட்டது. கூடத்திலிருந்து கொல்லைச் சுவர் வரை டேப் வைத்து அளந்தால் பத்து மீட்டரும் அதற்கு மேலும் வருகிறது. கொல்லைச் சுவரில் இரும்புத் தகட்டால் ஆன குண்டுபிடி, அதன் முன்னால் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இலக்கு. கொல்லைக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள், அடுக்களைக்குக் குறுக்கே ஒரு கட்டை. சுடும் நேரத்தில் அம்மா முன்னறையில்தான் இருப்பார். இந்த ஏற்பாடு முடியும்வரை ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

இப்போது கம்ப்ரஸர். ஏர் ரைபிளின் சிலிண்டர் 200 பார் அழுத்தம் தாங்கும். பைக் டயருக்கு இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே என்று நினைத்தால் இது எவ்வளவு என்று புரியும். அதற்கு முன்பு கைப்பம்புதான். 80 பாரிலிருந்து 200க்குக் கொண்டுவருவதற்குள் தோள் நடுங்கும். தோள் நடுங்கினால் அன்றைய பயிற்சி போச்சு. நின்றபடி ஐந்து கிலோ ரைபிளை ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்க வேண்டியவனுக்கு அது கட்டுப்படியாகாது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக்கூடத்தில், பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்றாலும், அதில் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு 150 பார் கிடைத்தாலே பெரிசு.

மின்சாரக் கம்ப்ரஸர் வந்ததும் அந்தக் கவலை அன்றைக்கே தீர்ந்தது. முள்ளை 200இல் வைத்து ஸ்விட்சைத் தட்டினால் நான்கு நிமிடத்துக்குள் தானே நிற்கிறது. இந்தத் 'தானே நிற்பது' நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. இருந்தாலும் ஓடும்போது பக்கத்தைவிட்டு நகர்ந்ததில்லை. அதிக அழுத்தம் வந்தால் உடைந்து காற்றை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடு ஒன்று அதில் உண்டு. அந்தத் தகடு இல்லாத மாடலை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

சத்தம் அதிகம். முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மோட்டார் போடாதீங்க, பிள்ளை தூங்குது" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு நிரப்புகிறேன். கோடையில் மாலை ஆறு மணிக்கு வோல்டேஜ் இறங்கும், மோட்டார் முனகும். ஸ்டெபிலைசர் போட்ட பிறகு சரியானது. இன்வர்ட்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம், இழுக்காது.

சூட்டைப் பற்றி ஒன்று. காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்று 200 காட்டினாலும், ஆறியதும் முள் 190க்கு வந்து நிற்கும். முதல் மாதம் சிலிண்டர் கசிகிறது என்றே நினைத்து, காற்றை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினேன். கசிவே இல்லை. இப்போதெல்லாம் 150இல் நிறுத்தி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் மேலே ஏற்றுகிறேன். பிஸ்டனுக்கு அதற்கென்று விற்கும் செயற்கை எண்ணெய், ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். வீட்டில் இருக்கிற சாதாரண எண்ணெயை விட்டால் அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் தீப்பிடிக்கலாம். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரை இந்த ரைபிள் பக்கமே கொண்டுவரக்கூடாது.

இனிதான் முக்கியமான விஷயம்: தண்ணீர்.

காற்றில் ஈரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு என்று நான் கணக்குப் போடாமல் இருந்துவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் மதுரைக் காற்றின் ஒரு கன மீட்டரில் இருபது கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். என் சிலிண்டர் 0.15 லிட்டர். 120 பார் ஏற்ற வேண்டுமென்றால் வெளிக்காற்று 18 லிட்டர் உள்ளே போக வேண்டும். அதோடு வரும் நீராவி அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. காற்றை நூறு, இருநூறு மடங்கு சுருக்கினால் அந்த நீராவிக்கு இடம் இல்லை. கிட்டத்தட்ட அத்தனையும் தண்ணீராக மாறும். ஒவ்வொரு நிரப்பலுக்கும் ஏழெட்டுச் சொட்டு. வாரத்துக்கு இரண்டு நிரப்பல் என்றால் வருடத்துக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸரில் வடிகால் திருகு ஒன்று உண்டு. ஓடும்போது அதை அவ்வப்போது திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு வரும் வடிகட்டிக் குழாயில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட வேண்டும். விற்றவர் வடிகாலைப் பற்றிச் சொன்னார், சிலிகா ஜெல்லைப் பற்றிச் சொல்லவில்லை. கூடவே வந்த பஞ்சு மட்டும் போதும் என்றார். நானும் நம்பினேன்.

2022 நவம்பரில் என் குண்டுகள் கீழே விழ ஆரம்பித்தன. பக்கவாட்டில் பிசகே இல்லை. மேலும் கீழுமாக, ஒரு கோடு இழுத்ததுபோல இலக்கில் துளைகள். மூச்சை மாற்றிப் பார்த்தேன், நிலையை மாற்றிப் பார்த்தேன், பயிற்சியாளர் என் தோள்பட்டையைத் திருத்தினார். இரண்டு மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரேஞ்சில் ஒரு நண்பரிடம் வேகம் அளக்கும் கருவி இருந்தது. அதன் முன்னால் சுட்டுப் பார்த்தோம். நொடிக்கு 175 மீட்டர் வாக்கில் நிலையாக இருக்க வேண்டிய வேகம் 168க்கும் 176க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ரைபிளைப் பிரித்தபோது, ஒவ்வொரு சுடுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரின் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரம் தின்ற அலுமினியம். பழுதுபார்க்க அனுப்பி, உதிரி வந்து, ரைபிள் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் மாநிலப் போட்டி முடிந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது வடிகட்டிக்குள் நிறம் மாறும் சிலிகா ஜெல். ஆரஞ்சு பச்சையானதும் எடுத்து, வாணலியில் மெதுவாக வறுத்து, மறுபடி ஆரஞ்சானதும் போடுவேன். அதற்கென்று தனி வாணலி. அடுக்களைப் பாத்திரத்தைத் தொட்டால் அம்மா விடமாட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வடிகால். சித்திரை வெயிலில் காற்று காய்ந்திருக்கும், தண்ணீர் வராது என்று நினைக்காதீர்கள். அப்போதும் வந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது, வேகம் ஆடவில்லை.

சரி, ஈயக்குண்டு.

அண்ணன் மகன் பொறியியல் படிக்கிறான். "சித்தப்பா, நீங்க ஒவ்வொண்ணா எடுத்து வைக்க வேண்டாம், நான் மெஷின் பண்ணித்தர்றேன்" என்று சொல்லி, அடுத்த செமஸ்டர் லீவிலேயே செய்தும் கொடுத்தான். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறைக்காரர்களுக்குத் தராசு விற்கும் கடையில் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வாங்கினோம். ஒரு சின்ன மோட்டார் குண்டை ஒவ்வொன்றாகத் தராசில் தள்ளும். எடையைப் பார்த்து மூன்று கிண்ணங்களில் ஒன்றில் போடும். ஒரு குண்டுக்கு எட்டு நொடி. ஐநூறு குண்டு டின் ஒன்றுக்கு ஒரு மணி ஏழு நிமிடம். பார்க்க அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மின்விசிறி ஓடினால் தராசு ஆடும். மதுரையில் மே மாதம் விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் என்றால் என்ன என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தராசுக்குக் கண்ணாடிப் பெட்டி போட்டுச் சமாளித்தோம். பெரிய குறை வேறு இடத்தில் இருந்தது. குண்டு நான்கு விரல் உயரத்திலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்தது. ஈயம் மெத்தென்றது, குண்டின் பின்பக்க விளிம்பு காகிதம்போல மெல்லியது. விழுந்த வேகத்தில் விளிம்பு நசுங்கிய குண்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எடை சரியாகப் பிரித்த குண்டு, பிரிக்காத குண்டைவிட மோசமாகப் பறந்தது. கிண்ணத்தில் பருத்தித் துணி போட்ட பிறகுதான் அது தீர்ந்தது.

அப்படியும் பலன் இருந்ததா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 0.53 கிராம் குண்டில் எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும். பத்து மீட்டர் கடக்கும் நேரத்தில் குண்டு மொத்தமாக இறங்குவதே 16 மில்லிமீட்டர். அரை சதவீத வேகக் குறைவால் கூடுதலாக இறங்குவது 0.16 மில்லிமீட்டர். போட்டியில் புள்ளி தசமத்தில் எண்ணப்படுகிறது. ஒரு தசமத்துக்கு 0.25 மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற கடைசிச் சுடு 10.8; நடுப்புள்ளியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த எண் வரும். அந்த உயரத்தில் நிற்பவர்களுக்கு 0.16 கணக்கில் வரலாம். நல்ல நிறுவனங்களின் போட்டிக் குண்டுகளில் நான் பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு சதவீதத்துக்குள்ளேயே இருந்தது. என் ஈரமான ரெகுலேட்டரோ ஒன்றரை மில்லிமீட்டர் ஏமாற்றியது. ஆறு தசமம். நான் ஒரு மணி நேரம் விசிறியை அணைத்து வியர்த்தது 0.16க்காக, கவனிக்காமல் விட்டது ஒன்றரையை.

பிரிக்கும் இயந்திரத்தை ஒன்றரை வருடத்தில் நிறுத்திவிட்டேன். அண்ணன் மகனுக்கு வருத்தம்தான். ஆனால் அவனே அதை வேறு வேலைக்கு மாற்றிக் கல்லூரியில் காட்டினான். இப்போது செய்வது இதுதான்: டின்னைத் திறந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி, விளிம்பு நசுங்கியவற்றைக் கண்ணால் பார்த்து ஒதுக்குகிறேன். பத்து நிமிட வேலை. ஒதுக்கியது வீணில்லை, நிலைப் பயிற்சிக்கு ஆகும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம் உடம்புக்கு ஆகாது. குண்டுபிடியில் சேரும் ஈயத்தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கிறேன்.

எடையைவிடப் பலன் தந்தது, குழலுக்குப் பொருந்தும் குண்டைத் தேடியது. ஒரே நிறுவனத்தின் குண்டிலேயே தலை அளவு 4.49, 4.50 என்று வரும். ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியும் ஒவ்வொரு மாதிரி. கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ரைபிளை அசையாமல் பிடிக்கும் கிடுக்கி ஒன்று செய்துகொடுத்தார். அதில் ரைபிளைக் கட்டி ஒவ்வொரு டின்னிலும் பத்துப் பத்தாகச் சுட்டேன். ஒரு டின்னின் பத்துக் குண்டும் ஆறு மில்லிமீட்டர் துளைக்குள் அடங்கின. இன்னொன்று அதே விலை, ஒன்பது மில்லிமீட்டருக்குப் பரவியது. நல்லதாக வந்த தொகுதியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையில் இருந்த பணத்துக்கு மொத்தமாக வாங்கிவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர் தராசுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

கம்ப்ரஸரில் இதுவரை இரண்டு முறை பிஸ்டன் வளையம் மாற்றியிருக்கிறேன். இரண்டாவது முறை விற்றவரிடம் உதிரி கேட்டபோது ஆறு வாரம் பதிலே இல்லை. அந்த ஆறு வாரமும் மறுபடி கைப்பம்பு. இப்போது இரண்டு செட் வளையமும் ஒரு டப்பா ஓ-ரிங்கும் எப்போதும் அலமாரியில் இருக்கும். அது இருந்தால், வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு வாங்குங்கள் என்றே சொல்வேன்.

என் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டு 2015. பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். அதன் பிறகு போட்டியில் உபகரணச் சோதனையில் நிறுத்தலாம், வீட்டிலும் நிரப்பக்கூடாது. பார்வைக்குப் புதுசு மாதிரிதான் இருக்கிறது. காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். புது சிலிண்டர் சொல்லியிருக்கிறேன், ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிடும் என்கிறார்கள். சிலிகா ஜெல்லை நேற்றே வறுத்து வைத்தாயிற்று.