விமானியா, வக்கீலா, பேக்கரியா: வேலையை விடும் முன் ஓர் ஒப்பீடு

முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு "காசும் குடும்பமும் தடுக்காவிட்டால் என்ன படிப்பீர்கள்?" என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில்கள் மூன்று: பைலட், வக்கீல், சொந்த பேக்கரி. எது லாபம், எது சீக்கிரம் முடியும் என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தத் தொழில் உங்களை எந்தக் கட்டத்தில் கழித்துக் கட்டும் என்பது. பைலட் படிப்பு வாசலிலேயே கழிக்கும். தப்பினால் கடைசியில் இன்னொரு முறை கழிக்கும். சட்டப் படிப்பு பட்டம் கொடுத்த பிறகு கழிக்கும். பேக்கரி தினமும் கழிக்கும்.

பைலட்டுக்கு முதல் சல்லடை உடல். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 பரிசோதனை, அதன் பிறகு கிளாஸ் 1. கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல, திருத்திய பார்வை தேறினால் போதும். நிறக்குருடு, காது கேட்கும் திறன், ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றில்தான் நாற்பதை நெருங்குபவர்கள் மாட்டுகிறார்கள். கிளாஸ் 2 கையில் இருந்தாலே பல பயிற்சிப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். வணிக உரிமத்துக்குக் கிளாஸ் 1 வேண்டும். இரண்டையும் முடிக்காமல் முன்பணம் கட்டுவது வீண் துணிச்சல். 12-ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிச் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் சேரும் ஆண்டின் விதியை டிஜிசிஏ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வசதி உண்டு. வான்வழிச் செலுத்துதல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களை வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். தேர்ச்சிக்கு 70 சதவீதம். ரேடியோ தொடர்புக்குத் தனித் தேர்வு. இவற்றை முடித்துவிட்டுப் பறக்கப் போகிறவருக்கும், பறந்துகொண்டே படிப்பவருக்கும் பல மாத வித்தியாசம் வரும்.

பிறகு 200 மணி நேரப் பறத்தல். அதில் 100 மணி நேரம் விமானத்துக்கு நீங்களே பொறுப்பு விமானி. 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் நீளும் ஒரு பயணம், இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் நேரம் எல்லாம் இதற்குள் அடக்கம். பெரும்பாலோர் கவனிக்காத வரி ஒன்று இருக்கிறது: அந்த 100-இல் 15 மணி நேரம் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பருவமழையில் ஓடுதளம் மூடுகிறது, விமானம் பழுதுபார்ப்புக்குப் போகிறது, பயிற்றுநர் வேறு வேலைக்கு மாறுகிறார். இப்படி இழுத்துக்கொண்டே போனால் முன்பு பறந்த மணி நேரம் காலாவதியாகி, கைக்காசில் மறுபடி பறக்க நேரும். அதனால் பள்ளியிடம் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், அதற்கு எத்தனை மாணவர்கள், போன வருடம் சேர்ந்தவர் இப்போது எத்தனை மணி நேரத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

செலவு இந்தியாவில் பொதுவாக 40 முதல் 60 லட்சம். அதற்கு மேல் ஏ320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங், தனி. 50 லட்சத்தைப் பத்து வருடத்துக்கு 11 சதவீதத்தில் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ₹69,000. உரிமம் வந்த மறுநாளே நியமனக் கடிதம் வராது. காத்திருக்கும் மாதங்களிலும் தவணை நிற்காது. இரண்டாவது சல்லடை இதுதான். வணிகப் போக்குவரத்தில் 65 வயதோடு ஓட்டுவது முடிகிறது. 40-இல் தொடங்கி 43-இல் வேலை கிடைத்தால் 22 வருடம் மிச்சம், கணக்கு உதைக்கவில்லை. ஆனால் புது விமானிகளை எடுக்கும்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வயது வரம்பு வைக்கிறது. கடைசி இரண்டு மூன்று விளம்பரங்களைத் தேடிப் படிக்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

சட்டம் நேர் எதிர். அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. உண்மையான விலை மூன்று வருடச் சம்பளம். ஏதாவது ஒரு பட்டத்தில் 45 சதவீதம் வேண்டும், பட்டியலினத்தவருக்கு 40. பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களை, வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலின் விதி ஏற்பதில்லை. மாலை நேரக் கல்லூரியும் அஞ்சல் வழியும் கிடையாது. வகுப்பு காலை 8 முதல் இரவு 7-க்குள் நடக்க வேண்டும், பாடத்துக்கு 70 சதவீத வருகை வேண்டும். "வராமலே பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர்களிடம் போனால் பதிவின்போது சிக்கல் வரும். சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேடும் ஒரே தேதியில் இருக்கக் கூடாது.

பட்டம் வந்ததும் பார் கவுன்சிலில் பதிவு, இரண்டு வருடத்துக்குள் அகில இந்தியப் பார் தேர்வு. 100 கேள்விகள், குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருப்பதால் பழைய புத்தகக் கடை மலிவு விலைப் பிரதிகளை நம்ப முடியாது. தேர்வு பெரிய மலையல்ல. மலை, சீனியர் அலுவலகத்தில் இருக்கிறது.

முதல் வருடம் பேட்டா (சம்மன், நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, நகல் மனு போடுவது, வாய்தா வாங்குவது, நீதிமன்றம் குறை சொல்லித் திருப்பிய வழக்குக் கட்டைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது என்று ஓடும். உங்களைவிடப் பத்து வயது சின்ன சீனியர் "சார், அந்தக் கட்டை எடுங்க" என்பார், எடுக்க வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ₹20,000, மற்ற ஊர்களில் ₹15,000 தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது எல்லா அலுவலகத்திலும் கைக்கு வரும் என்று வீட்டு பட்ஜெட் போடாதீர்கள்.

ஆனாலும் நடுவயதுக்காரருக்கு மூன்றில் சட்டம்தான் கூடுதல் சாதகம், ஏனென்றால் பழைய வேலை வீணாவதில்லை. வங்கியில் இருந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். செக் பவுன்ஸ் வழக்கில் வங்கி திருப்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸ் ஒரு நாள் தவறினாலும் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். வங்கி செக்கைத் திருப்பும்போது தரும் ரிட்டர்ன் மெமோவைப் பார்த்ததுமே எந்தத் தேதி முக்கியம் என்று அவருக்குத் தெரியும். 23 வயது ஜூனியருக்கு அது பழக இரண்டு வருடம். சிவில் இன்ஜினியருக்குக் கட்டுமானத் தகராறு, மனிதவள அதிகாரிக்குத் தொழிலாளர் வழக்கு என்று கட்சிக்காரரும் பழைய வட்டத்திலிருந்தே வருவார். ஒரு வருடச் சம்பளத்தையாவது ஒதுக்காதவர்கள் மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

பேக்கரியை எளிது என்று நினைப்பவர்கள்தான் அதிகம், விட்டுவிட்டு வருபவர்களும் அதிகம். சான்றிதழ் கட்டாயமில்லை. தரமணியில் உள்ள ஹோட்டல் நிர்வாகக் கல்லூரியான ஐஎச்எம்-இல் பேக்கரி படிப்பு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் குறுகிய காலப் பயிற்சி, மைசூரில் உள்ள உணவு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐ-இல் மாவுத் தொழில்நுட்பம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஓடும் பேக்கரி ஒன்றில் அதிகாலை இரண்டு மணி ஷிஃப்டில் மூன்று மாதம் நின்றால் தெரிவது அங்கே தெரியாது.

வீட்டில் அழகாக வரும் பன் கடையில் ஏன் சொதப்புகிறது? மாவின் சூடு. பிசைந்து முடிந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் எவ்வளவு குளிராக வேண்டும் என்று பார்க்க, மைதா, அறை, தண்ணீர் என மூன்று என்பதால், 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மைதாவின் வெப்பம் 32, அறை 32, மிக்சர் உராய்வுக்கு 12 கழித்தால் தண்ணீர் 2 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வரும். ஒரு கிலோ மைதாவுக்கு 600 கிராம் தண்ணீர் என்றால், 30 டிகிரி குழாய்த் தண்ணீர் 450 கிராமும் ஐஸ் 150 கிராமும். ஐஸ் போடாமல் விட்டால் மாவு 35-ஐத் தொடும், அவசரமாகப் பொங்கும், புளித்த வாடை வரும், ஓவனில் அமுங்கும். மாஸ்டர்கள் இதற்கு ஈஸ்ட்டைக் குறைத்துச் சமாளிப்பார்கள். பன் எழும்பும், ருசி எழும்பாது. சூடு ஆறாத பிரெட்டைக் கவரில் போட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை. ஈரப்பதமான மாதங்களில் பிரெட்டின் நடுவில் நூல் நூலாக இழுத்து, அழுகிய அன்னாசி வாடை அடித்தால் அது பாக்டீரியா. அந்த டிரே, மேசை, மிக்சர் எல்லாவற்றையும் வினிகரால் துடைக்காமல் அடுத்த மாவைப் பிசையக் கூடாது.

பணம் போகும் இடம் ரிட்டர்ன், அதாவது விற்காமல் திரும்பி வரும் சரக்கு. டீக்கடைக்கு ஒரு பன் ₹7.50, உங்கள் அடக்கம் ₹4.50 என்று வைத்துக்கொள்வோம். நூறு பன்னில் ₹300 மிஞ்சும். இருபது பன் திரும்பி வந்தால் வரவு ₹600, செலவு அதே ₹450, மிச்சம் ₹150. ஐந்தில் ஒரு பங்கு திரும்பினதற்குப் பாதி லாபம் போச்சு. வாடகை, மின்சாரம் இன்னும் கழிக்கவில்லை.

கையில் பெரிய பணம் இல்லாமல், தூக்கத்தைத் தியாகம் செய்யத் தயாராக இருப்பவருக்கு பேக்கரி. நல்ல உடம்பும், நிறுவனங்கள் வைக்கும் வரம்புக்குள் வயதும், அடமானம் வைக்கச் சொத்தும் இருந்தால் பைலட். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக ஏற்கனவே ஒரு துறையில் பதினைந்து வருடம் இருந்தவர்களுக்கு, சட்டம். இரண்டைச் சேர்த்துச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: வக்கீலாகப் பதிவு செய்தவர் முழுநேரச் சம்பள வேலையிலும் இருக்கக் கூடாது, தானே வியாபாரமும் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பேக்கரியில் பணம் போட்ட பங்குதாரராக மட்டும் இருக்கலாம், நிர்வாகத்தில் தலையிடாமல். கல்லாவில் உட்காரும் ஆசை இருந்தால் கறுப்புக் கோட்டை மறந்துவிடுங்கள்.