மெழுகுத்தாளா, செல்லோவா, ரேக்கா? 1980 டாப்ஸ் பாக்கெட் வாங்கும் முன்

1980-ல் அமெரிக்க நிறுவனமான டாப்ஸ் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் (வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகள்) எல்லார் கண்ணும் 482-ம் எண் மேல்தான். அது ரிக்கி ஹெண்டர்சனின் ரூக்கி அட்டை, அதாவது அறிமுக அட்டை. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 1,406 பேஸ் திருடியவர் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதைத்தான் பேஸ் திருடுவது என்பார்கள்). அந்தச் சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை. அந்த அட்டை உள்ளே இருக்கலாம் என்பதால்தான் பிரிக்காத பாக்கெட்டுக்கு இவ்வளவு கிராக்கி. அதில் மூன்று வகை: மெழுகுத்தாள், செல்லோ, ரேக்.

மெழுகுத்தாள் பாக்கெட்டில் 25 சென்ட்டுக்கு 15 அட்டையும் ஒரு பபிள் கம்மும் கிடைத்தன. பார்க்க அழகு இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்கு 36 பாக்கெட் என்றால் 540 அட்டை. முழு செட்டோ 726. ஒரு பெட்டியையே பிரித்தாலும் ஹெண்டர்சன் வருவார் என்று சொல்ல முடியாது. வந்தாலும் அவர் மேலேயே கம் ஒட்டிக் கறை பிடித்திருக்கலாம். இதைவிடப் பெரிய கவலை, லேசான சூட்டிலேயே மெழுகு இளகிவிடும் என்பது. நல்ல அட்டையை உருவிவிட்டு மறுபடி ஒட்டிவிடலாம். பின்பக்க மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய மடிப்புக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு ஓடினாலோ, மெழுகு திட்டுத்திட்டாக இருந்தாலோ வாங்காதீர்கள்.

செல்லோ பாக்கெட் கண்ணாடித்தாளில் சுற்றியது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அட்டை தெரியும். மேலே ஹெண்டர்சன் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். படம் நடுவில் விழுந்திருக்கிறதா, ஓரம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். மோசடிக்காரர்களும் இங்கேதான் குறி வைக்கிறார்கள். தனியாக வாங்கிய ஹெண்டர்சனை மேலே வைத்துப் புதுத்தாள் சுற்றினால் போதுமே! இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. அட்டைகளைப் பெரிய தாள்களில் அச்சடித்து, வெட்டி, அடுக்கினார்கள். அதனால் எந்த அட்டையோடு எது வரும் என்பதில் ஓரளவு ஒழுங்கு இருக்கும். வெளியில் தெரியும் அட்டைகள் அந்த வரிசைக்குப் பொருந்தாவிட்டால் நிபுணர்கள் உடனே சந்தேகப்படுவார்கள்.

ரேக் பாக்கெட் மூன்று அறையாகப் பிரித்த, கடையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறை. அறைக்கு இரண்டாக ஆறு அட்டை தெரிவதால் வரிசையைச் சரிபார்க்க மூன்று மடங்கு ஆதாரம் கிடைக்கும். என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் நட்சத்திர வீரர் யாரும் வெளியே தெரியாத பாக்கெட்டுக்கு. மூன்று அறையையும் போலியாக அடுக்கும் அளவுக்கு அதில் ஆதாயம் இல்லை.

சரி, பாக்கெட் அசல்தான் என்ற சான்று இருந்தால் போதாதா? அட்டைகளையும் பாக்கெட்டுகளையும் சோதித்துத் தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனம் தரும் மதிப்பெண் உறையின் நிலைக்குத்தான், உள்ளே இருக்கும் அட்டைகளுக்கு இல்லை. சான்றும் பிசகும். யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய போக்கிமான் அட்டைப் பெட்டியும் நிபுணர் சான்று பெற்றதுதான். 2022-ல் திறந்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு தொடரின் அட்டைகள்.

ஹெண்டர்சன் மட்டும்தான் வேண்டும் என்றால் தரமிட்ட தனி அட்டையாகவே வாங்கிவிடுங்கள். கடைசிவரை பிரிக்க மாட்டேன் என்பவருக்குத்தான் பாக்கெட்.